பாட்டன் கதையை யார் எழுதுவது?

(சாந்த்ராகாச்சியில் நடைபெற்ற சங்கக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தலைவர்களின் பிறந்த நாளையும் நினைவு நாளையும் கொண்டாடிப் பழகிய மேடை இது. இன்று தலைவர் அல்லாத ஒருவரைப் பற்றிப் பேச அனுமதி தாருங்கள். அவருக்குச் சிலை இல்லை. அவர் பெயரில் தெரு இல்லை. ரயில்வேயில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார், ஓய்வு பெற்றார், இறந்தார். அவர் எங்கள் தாத்தா. உங்களில் பலருடைய தாத்தாவும் அப்படிப்பட்டவர்தாம்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். 2025-ஆம் ஆண்டு நவம்பர் 4 முதல், வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்ற பெயரில் நம் வீடுகளுக்குப் படிவம் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2002-ஆம் ஆண்டுப் பட்டியலில் உன் பெயர் எங்கே? இல்லையென்றால் உன் தாய் தந்தை, பாட்டன் பாட்டி பெயர் எங்கே? இதுதான் கேள்வி. அந்த நாட்களில் இந்தக் குடியிருப்பில் எத்தனை தகரப் பெட்டிகள் திறக்கப்பட்டன! எத்தனை பிள்ளைகள் தம் பாட்டனின் முழுப் பெயரை அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டார்கள்! அரசுக்குப் பெயர் போதும். பிறந்த பிள்ளைக்குப் பெயர் மட்டும் போதுமா? அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதர் யார், ஏன் இங்கே வந்தார், என்ன பாடுபட்டார் என்பதும் தெரிய வேண்டாமா?

நம் சாந்த்ராகாச்சி ஏரிக்குக் குளிர்காலத்தில் பறவைகள் வருகின்றன. ஆண்டுதோறும் அன்பர்கள் தொலைநோக்கியோடு வந்து, எந்த இனம் எத்தனை என்று எண்ணி எழுதிக்கொண்டு போகிறார்கள். நல்ல காரியம். அந்த ஏரிக் கரையிலேயே பரம்பரை பரம்பரையாக வாழும் நம்மை எண்ணி எழுதியவர் யார்? தமிழனோ, தெலுங்கனோ, மலையாளியோ, எல்லாரும் இந்த ஊரில் ‘மாத்ராஜி’. அவ்வளவுதான் நம் வரலாறு!

கம்பெனிக் கணக்கில் இல்லாத மனிதர்

பெங்கால் நாக்பூர் ரயில்வே கம்பெனி 1887-ல் தோன்றியது. 1900-ல் ரூப்நாராயண் ஆற்றின் மேல் கோலாகாட்டில் பாலம் முடிந்து, ஹௌராவும் கரக்பூரும் இணைந்தன. கிழக்குக் கடற்கரைப் பாதையின் வட பகுதி 1902-ல் அதே கம்பெனியின் கைக்கு வந்தது. வால்டேர் வரை ஒரே கம்பெனியின் தண்டவாளம். அதற்குத் தெற்கே சென்னை வரை இன்னொரு கம்பெனியின் தண்டவாளம். அந்தப் பாதை வழியாகத்தான் தெற்கத்தி உழைப்பாளி வடக்கே வந்தான். கரக்பூர்ப் பட்டறையிலும் ஹௌரா வரையிலான நிலையங்களிலும் தெலுங்கும் தமிழும் அப்படித்தான் குடியேறின. 1944 அக்டோபரில் அரசு கம்பெனியை எடுத்துக்கொண்டது. 1955 ஆகஸ்டு 1-ல் தென்கிழக்கு ரயில்வே பிறந்தது.

இவையெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. பாலத்தின் நீளம் இருக்கிறது, இஞ்சினின் எடை இருக்கிறது. அந்தப் பாலத்தின் மேல் ஓடிய வண்டிக்குக் கீழே குனிந்து எண்ணெய் ஊற்றியவனின் மனம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அது அத்தையின் வாயில் இருக்கிறது. சித்தப்பாவின் வாயில் இருக்கிறது. அவர்கள் போனால் அதுவும் போய்விடும்.

ஆனால் தோழர்களே, வீட்டுக் கதையை அப்படியே வாங்கிக்கொள்ளவும் கூடாது. அதற்கு எங்கள் தாத்தாவின் தொழிலே எங்களுக்குப் பாடம்.

சுத்தியலின் பாடம்

தாத்தா வண்டிப் பரிசோதகரின் கீழ், அதாவது நாம் டி.எக்ஸ்.ஆர். என்று சொல்கிறோமே அந்தப் பிரிவில், களாசியாக வேலை பார்த்தவர். வண்டி வந்து நின்றதும் நீண்ட கைப்பிடிச் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடக்க வேண்டும். ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு தட்டு. நல்ல சக்கரம் கோயில் மணிபோலக் கணீரென்று பேசும். விரிசல் விழுந்த சக்கரம் ஓட்டைப் பானைபோலச் சத்தம் கொடுக்கும். ஆக்சில் பாக்ஸின் மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். சூடேறியிருந்தால் உள்ளே எண்ணெய் வற்றிவிட்டது என்று பொருள். அப்படியே விட்டால் வழியில் அச்சு முறியும். இருட்டில், மழையில், கை விளக்கு வெளிச்சத்தில், காதையும் புறங்கையையும் நம்பி நடந்த வேலை அது. ஒரு வண்டியில் நூற்றுக்கணக்கான உயிர்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்தக் களாசியின் முகம் தெரியாது.

கோளாறான வண்டியைக் கண்டால் ‘சிக்’ என்று எழுதி ஒதுக்குவார்கள். அது சிக் லைனுக்குப் போகும். அங்கே பழுது பார்ப்பார்கள். கவனியுங்கள், எடைக்குப் போட்டுவிட மாட்டார்கள்; பழுது பார்ப்பார்கள்.

வீட்டுக் கதைகளையும் நாம் அப்படித்தான் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் ஏற்றுக்கொள்வோம். விரிசல் தெரிந்தால் சிக் லைனுக்கு அனுப்புவோம். எங்கள் வீட்டுக் கதைகளில் நான்கை உங்கள் முன்னால் தட்டிக் காட்டுகிறோம்.

கோபித்துக்கொண்டு ரயிலேறியவர்

முதல் கதை, தாத்தா ஊரை விட்டு வந்த கதை. அவர் நாகப்பட்டினத்துக்காரர். “அப்பாவோட சண்டை போட்டுக்கிட்டுக் கோபத்துல ரயிலேறிட்டாரு” என்றுதான் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். நாங்களும் அப்படியே கேட்டு வளர்ந்தோம்.

ஆனால் தாத்தாவிடம் ஒரு பேச்சு வழக்கம் இருந்தது. பிள்ளைகள் சொன்ன சொல் கேட்காவிட்டால், “சும்மா இருக்கியா, இல்ல, ஒன்னையப் பொன்மலைக்கு மாத்திடவா?” என்பார். பொன்மலை என்பது ஏதோ ராஜா கதையில் வரும் தங்க மலை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். தங்க மலைக்கு அனுப்புவது எப்படித் தண்டனையாகும் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

தாத்தா காலமாகிப் பல ஆண்டுகளுக்குப் பின், பெட்டியின் அடியில் ஒரு தபால் கார்டு கிடைத்தது. கரக்பூர் விலாசம், 1929-ஆம் ஆண்டு முத்திரை. அவருடைய தமையனார் எழுதியது. “இங்கே இப்போது தேடுதல் ஓய்ந்துவிட்டது, பயமில்லை, அம்மாவைப் பார்க்க ஒரு நடை வந்து போ” என்று அதில் இருந்தது. அப்பாவோடு சண்டை போட்டவனை யார் தேடுவார்கள்? அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினோம். தொண்ணூறு வயதை நெருங்கிக்கொண்டிருந்த அத்தை, கார்டைக் கண்ணருகில் வைத்துப் பார்த்துவிட்டு, “ஸ்ட்ரைக்குல இருந்தாருடா உங்க தாத்தா. வேலை கெடைக்காமப் போயிடும்னு வெளியில சொல்லக் கூடாதும்பாங்க எங்கம்மா” என்றார்.

தோழர்களே, அது சாதாரண வேலைநிறுத்தம் அன்று. தென்னிந்திய ரயில்வே கம்பெனி, நாகப்பட்டினம், போத்தனூர், திருச்சி ஆகிய ஊர்களில் இருந்த பட்டறைகளைப் பொன்மலையில் ஒன்று சேர்க்க முடிவு செய்தது. தொழில் தேர்வு என்று ஒன்று வைத்து, ஆயிரக்கணக்கானவர்களைக் கழித்துவிடத் திட்டம். அதை எதிர்த்து 1928 ஜூலையில் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். முன்னின்றவர் சிங்காரவேலர், 1923-ல் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடி ஏற்றியவர், அப்போது அவருக்கு வயது 68. அவரோடு நின்றவர் முகுந்தலால் சர்க்கார். அவர் யார் தெரியுமா? வங்காளி! நம் நாகப்பட்டினத் தொழிலாளிக்காக வங்கத்திலிருந்து வந்து நின்றவர். இருவரும் கைதானார்கள். பத்தாண்டுக் கடுந்தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது குறைந்தது. சிங்காரவேலர் 1930-ல்தான் வெளியே வந்தார்.

வங்காளி ஒருவர் தமிழ்நாட்டுச் சிறையில் நமக்காக இருந்த நாட்களில்தான், எங்கள் தாத்தா வங்கத்தில் வேலை தேடிக்கொண்டிருந்தார். ‘நீங்கள் எங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள்’ என்று யாராவது சொன்னால், நம் பிள்ளைகள் இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லட்டும்.

இந்தச் சக்கரத்தைத் தட்டினால் என்ன சத்தம்? ‘கோபித்துக்கொண்டு போனார்’ என்ற சொல் பொய்யில்லை. கோபம் இருந்தது. யார் மேல் கோபம் என்பதைத்தான் பயத்தின் காரணமாக மாற்றிச் சொல்லிவிட்டார்கள். இப்படிப் பயத்தால் மாற்றப்பட்ட கதைகள் உங்கள் வீட்டிலும் இருக்கும்.

கிரியைத் தோளில் தூக்கியவர்

இரண்டாவது கதை சித்தப்பா சொல்வது. கரக்பூர் வேலைநிறுத்தத்தில் தாத்தா முன்வரிசையில் நின்றார், வி.வி. கிரி கூட்டத்துக்கு வந்தபோது அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். கேட்கவே மார்பு நிமிரும்! கல்யாண வீடுகளில் சித்தப்பா இதைச் சொல்லாமல் இலை போட விடமாட்டார்.

கரக்பூர்ப் போராட்டம் உண்மை. 1927 பிப்ரவரியில் வேலைநிறுத்தம் நடந்தது. செப்டம்பரில் ஆட்குறைப்பு அறிவிப்பு வந்தது. அதையடுத்து டிசம்பர் வரை கதவடைப்பு நீடித்தது. கிரி அந்தத் தொழிலாளர் இயக்கத்தின் தலைவர் என்பதும் உண்மை. ஆனால் தாத்தா நாகப்பட்டினத்தை விட்டதே 1928 ஜூலைக்குப் பிறகு. 1927-ல் அவர் எப்படிக் கரக்பூரில் தோள் கொடுத்திருக்க முடியும்?

இங்கே விரிசல் தெரிகிறது. உடனே சித்தப்பாவைப் பொய்யர் என்று சொல்லிவிடலாமா? கூடாது. சிக் லைனுக்கு அனுப்பிப் பழுது பார்த்தோம். தாத்தா கரக்பூரில் குடியேறிய வரிசையில், அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் 1927-ல் பட்டினி கிடந்தவர்கள். இரவுகளில் திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் சொன்ன கதை தாத்தாவின் காதில் விழுந்தது. தாத்தா தம் பிள்ளைகளுக்குச் சொன்னார். ‘நாங்க தூக்கிட்டுப் போனோம்’ என்று சொல்லியிருப்பார். அந்த ‘நாங்க’ என்ற சொல்லில் அவர் இல்லாமலா போவார்? பட்டினி கிடந்தவனோடு அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தவனும் ஒரே வரிசைதான். பிள்ளைக்குத்தான் ‘நாங்க’ என்பது ‘நான்’ என்று கேட்டுவிட்டது.

ஆகவே எங்கள் குறிப்பேட்டில் இதை இப்படி எழுதினோம்: ‘இது கரக்பூர்த் தோழர்களின் கதை. தாத்தா கேட்டுச் சொன்னது.’ சித்தப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் பிறர் பட்ட பாட்டை நம் வீட்டுக் கணக்கில் எழுதிக்கொள்வது நமக்கு அழகா? யார் பாடு யாருடையது என்று சரியாகச் சொல்வதும் தொழிலாளி நேர்மைதானே?

வடித்த கஞ்சி

மூன்றாவது கதை பாட்டியின் கதை. “பஞ்சத்துலகூட உங்க தாத்தா எங்களப் பட்டினி போடல, சாமர்த்தியசாலி” என்று பாட்டி பெருமையாகச் சொல்வார்.

எந்தப் பஞ்சம்? 1943. யுத்த காலம். 1942 டிசம்பரில் கல்கத்தாவின் மேல் ஜப்பான் விமானம் குண்டு போட்டது. அதற்கு முன்பே, அந்த அக்டோபரில், மேதினிபூர் மாவட்டத்தைப் புயல் அழித்திருந்தது. அடுத்த ஆண்டு அரிசி விலை ஏழைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. கிராமத்துக் கூலியாட்களும் மீனவரும் குடும்பத்தோடு நகரத்தை நோக்கி நடந்தார்கள். அரசே அமைத்த விசாரணைக் குழு, 1945-ல், இறந்தவர்கள் சுமார் 15 லட்சம் என்றது. பின்னால் ஆராய்ந்தவர்கள் 30 லட்சம் வரை சொல்கிறார்கள். வெள்ளைக்காரன் ஆட்சியில், யுத்தக் களத்துக்கு வெளியே, சோறில்லாமல் செத்த மக்கள்!

அப்போது சாந்த்ராகாச்சிக்கு மாற்றலாகி வந்திருந்த எங்கள் வீட்டுப் பானையில் மட்டும் சோறு எப்படி வந்தது? ரயில்வே தன் ஊழியர்களுக்குத் தானியக் கடை நடத்தியது. சகாய விலையில் அரிசியும் பருப்பும் கிடைத்தன. வண்டி ஓடினால்தான் யுத்தம் நடக்கும். ஊழியன் சாப்பிட்டால்தான் வண்டி ஓடும். அதனால் நமக்குச் சோறு. அமர்த்திய சென் 1981-ல் வெளியிட்ட நூலில் இதைத்தான் விளக்கினார். வங்கத்தில் அரிசியே இல்லாமல் போய்விடவில்லை. வாங்கும் சக்தி யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லை என்பதே பிழைப்பையும் சாவையும் பிரித்தது. தாத்தாவின் சாமர்த்தியம் அன்று. தானியக் கடையின் சீட்டு.

ஆனால் பாட்டியின் கதை அங்கே முடியவில்லை. விடியற்காலையில் வாசலில் ஒரு குரல் கேட்குமாம்: “ஃபேன் தாவ் மா.” பாட்டிக்கு வங்காளம் தெரியாது. பிச்சை என்று நினைத்துக் காசை எடுத்து நீட்டினாராம். வந்தவள் காசை வாங்கவில்லை, அடுப்பைக் காட்டினாள். சோறு கேட்கக்கூட அவளுக்கு வாய் வரவில்லை. சோறு வடித்த கஞ்சித் தண்ணீரைக் கேட்டாள். ‘ஃபேன்’ என்றால் வடிகஞ்சி! பாட்டி வங்க மண்ணில் கற்ற முதல் சொற்களில் அது ஒன்று.

அன்று முதல் பாட்டி கஞ்சியில் ஒரு பிடி சோற்றையும் கரைத்து, உப்புப் போட்டு, மண் சட்டியில் வாசலில் வைத்தார். தாத்தா கண்டுகொள்ளாமல் இருந்தார். பிள்ளைகளின் பங்கு குறைந்ததா என்று அத்தையைக் கேட்டோம். “கொறைஞ்சுதுடா. ஆனா அந்தப் பொம்பளையோட கையில இருந்த கொழந்தையப் பாத்தப்பறம் யாரும் கேக்கல” என்றார். சில வாரங்களுக்குப் பின் அவள் வரவில்லை. பாட்டி சாகும்வரை அவளை எண்ணிக்கொண்டிருந்தார்.

இந்தச் சக்கரத்தை எப்படித் தட்டினாலும் கணீரென்றுதான் கேட்கிறது.

தாய்மார்களே, இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தாத்தாவின் கதை என்று தொடங்கி நாம் பாட்டியிடம் வந்து நிற்கிறோம். இது தற்செயலா? தாத்தாவின் பெயராவது சம்பளப் பட்டியலில் இருக்கிறது. பாட்டிக்கு அதுவும் இல்லை. இங்கே சந்தையில் சாந்த்ராகாச்சி ஓல் என்று வங்கம் முழுவதும் பேர்போன சேனைக்கிழங்கு கிடைக்கிறதே, அதைப் பார்த்துத்தான் பாட்டிக்கு இந்த ஊரில் மனம் ஒட்டியதாம். ‘நம்ம சேனைதானே இது’ என்று வாங்கிவந்து, புளி கரைத்துக் குழம்பு வைத்தார். பக்கத்து வீட்டு வங்காளத்து அம்மாளுக்கு ஒரு கிண்ணம் போயிற்று. அங்கிருந்து மீன் வந்தது. காட்டுச் சேனைக்கு ஏற்ற கடும்புளி என்று வங்காளத்தில் ஒரு பழமொழி உண்டு. அதைச் சொல்லிக்கொண்டே இரு வீட்டுப் பெண்களும் சிரிப்பார்களாம். மொழியைப் பள்ளியில் படிக்கவில்லை பாட்டி. சந்தையிலும் கொல்லைப்புறத்திலும் படித்தார். நம்மை இந்த ஊரில் வேரூன்ற வைத்தது அந்தக் கிண்ணம்.

1974 மே

நான்காவது கதையை நாங்களே கண்ணால் பார்த்தோம். 1974 மே 8-ஆம் நாள் தொடங்கி 27-ஆம் நாள் வரை நாடெங்கும் ரயில்வே வேலைநிறுத்தம். சுமார் 17 லட்சம் ஊழியர்கள் கொண்ட துறை. போனஸ் கேட்டார்கள், பொதுத்துறைத் தொழிலாளிக்குச் சமமான ஊதியம் கேட்டார்கள், இஞ்சின் ஓட்டுபவர்களுக்கு எட்டு மணி நேர வேலை கேட்டார்கள். ஜார்ஜ் பெர்னாண்டஸ் வேலைநிறுத்தம் தொடங்குவதற்கு முன்பே கைது செய்யப்பட்டார். ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். பல குடியிருப்புகளில் குடும்பங்களே வெளியேற்றப்பட்டன.

எங்கள் தந்தையார் வேலைநிறுத்தத்தில் இருந்தார். இரவில் வீட்டில் தங்கவில்லை. ஓய்வு பெற்றுவிட்ட தாத்தா, தம் பழைய கை விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். வந்து கேட்டவர்களிடம், “பையன் ஊருக்குப் போயிருக்கான், பொன்மலைக்கு” என்றாராம்! அப்போது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பொருள் தெரிந்தபோது சிரிப்பு வரவில்லை.

அந்த இருபது நாட்களும் பக்கத்து வீட்டிலிருந்து அரிசி வந்தது. கொண்டுவந்தது யார்? அந்த மீன் கிண்ணத்து வீட்டு மருமகள். 1943-ல் நாம் கஞ்சி வைத்தோம் என்று சொல்லிக் காட்டிப் பெருமைப்பட ஒன்றுமில்லை தோழர்களே. 1974-ல் நமக்கு அரிசி வந்தது. கணக்கு அன்றைக்கே தீர்ந்துவிட்டது, நட்புதான் மிச்சம்.

இன்னொன்றையும் தாத்தா சொன்னார். அப்போது இந்தியாவின் குடியரசுத் தலைவர் யார்? வி.வி. கிரி! 1927-ல் ரயில்வேத் தொழிலாளியின் தலைவராக நின்றவர், 1974-ல் ரயில்வேத் தொழிலாளி அடக்கப்பட்டபோது குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்தார். தாத்தா அவரைத் திட்டவில்லை. “அங்க போயிட்டா அவரால என்னடா செய்ய முடியும்?” என்று மட்டும் கேட்டார். நம்மவர் ஒருவர் மேலே போனால் போதாது. கீழே இருப்பவர்கள் கூடி நிற்க வேண்டும் என்ற அரசியல் பாடத்தை, கட்சி வகுப்புக்குப் போகாத ஒரு களாசி அந்த ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார்.

போராட்டம் அன்று தோற்றதாகத்தான் சொன்னார்கள். 1977-ல் ஆட்சி மாறியபின் வேலை இழந்தவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். 1979-80 முதல் ரயில்வேயில் போனஸ் வந்தது. பூஜை நேரத்தில் போனஸ் வாங்கிப் பிள்ளைகளுக்குப் புதுத் துணி எடுக்கிறோமே, அந்தத் துணியில் 1974-ன் நூலும் இருக்கிறது. அதைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டுத் துணியைக் கொடுங்கள்.

பெயரும் தாளும்

இனி நாம் செய்ய வேண்டிய காரியத்துக்கு வருவோம்.

முதலாவது, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தே தலையெழுத்து. இந்த ஊர் அலுவலகத்துக்கு அது புரியாது. ஒரு குமாஸ்தா தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராக்குவார். இன்னொருவர் சாதிப் பெயரை ஒட்டுவார். மூன்றாமவர் தலையெழுத்தையே வெட்டிவிடுவார். நம் ழகரம் ஆங்கிலத்தில் ஒரு வேடம், வங்க எழுத்தில் இன்னொரு வேடம் போடும். பழனி என்பவர் பலானி ஆவார். ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் தாள்களில் அந்நியர் ஆகிவிடுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாளில், தாத்தா பாட்டி பெயர் தமிழில் எப்படி, ஆங்கிலத்தில் எந்தெந்தத் தாளில் எப்படி, வங்காளத்தில் எப்படி என்று வரிசையாக எழுதி வையுங்கள்.

இரண்டாவது, தாள்கள். 2025-ல் நடந்த திருத்தத்தில், அரசு ஓய்வூதிய ஆணையும், 1987 ஜூலை 1-க்கு முன் அரசு, வங்கி, அஞ்சலகம், எல்.ஐ.சி. போன்றவை கொடுத்த ஆவணங்களும் ஏற்கத்தக்க பட்டியலில் இருந்தன. கிழவர் போனபின் ‘இனி எதற்கு’ என்று எத்தனை வீடுகளில் அவற்றை எரித்துவிட்டோம்! சர்வீஸ் சான்று, பென்ஷன் ஆணை, பாஸ் புத்தகம், குடியிருப்பு ஒதுக்கீட்டுக் கடிதம், பழைய தபால் கார்டு, எதையும் எறியாதீர்கள். மடிப்பில் கிழிந்தால் பசைக் காகிதம் ஒட்டாதீர்கள். நாளடைவில் மஞ்சளாகி எழுத்தையே தின்றுவிடும். படம் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள்.

மூன்றாவது, கதைகள். வயதானவரிடம் ‘எந்த வருஷம்’ என்று கேட்டால் தெரியாது என்பார். கேட்கும் முறை வேறு. ஜப்பான்காரன் குண்டு போட்டபோது எங்கே இருந்தீர்கள்? பஞ்சத்தின்போது யார் பிறந்திருந்தார்கள்? 1946 ஆகஸ்டில் கல்கத்தா எரிந்தபோது வேலைக்குப் போனீர்களா? 1978 வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது? கோரமண்டல் வண்டி விட்டபோது, அதாவது 1977-ல், முதல் முறை யார் ஊருக்குப் போனீர்கள்? இப்படிக் கேட்டால் வருஷம் தானாக வந்து நிற்கும். இளைஞர்களே, உங்கள் கையில் செல்போன் இருக்கிறது. பாட்டியின் குரலைப் பதிவு செய்யுங்கள். ஒரே கதையை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். மாறினால் இரண்டையும் எழுதுங்கள். யார் சொன்னது என்றும் எழுதுங்கள். சொல்லாமல் மறைத்த இடம் தெரிந்தால், ஏன் மறைத்தார்கள் என்று அன்போடு கேளுங்கள், அவமானப்படுத்தாதீர்கள்.

தமிழ் எழுதத் தெரியாத பிள்ளை வங்க எழுத்திலேயே எழுதட்டும், பரவாயில்லை. கதைக்காகத் தமிழைத் தேடி வரும் நாள் ஒன்று வரும். கதையே போய்விட்டால் எதைத் தேடி வருவான்?

அடுத்த ஆறு மாதத்துக்குள் சங்கத்தின் ஒவ்வொரு குடும்பமும் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவர வேண்டும் என்று இந்தக் கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறோம். நகல் ஒன்றைச் சங்க அலமாரியில் வைப்போம். நாகப்பட்டினத்தில் வேலையை நிறுத்தியவர், கரக்பூரில் பட்டினி கிடந்தவர், சாந்த்ராகாச்சி வாசலில் கஞ்சிச் சட்டி வைத்தவர் ஆகிய எல்லாரும் ஒரே அலமாரியில் சேரட்டும். அதுதான் உழைக்கும் தமிழனின் வரலாறு. அதை வேறு யாரும் வந்து எழுதித் தரப்போவதில்லை.